தங்கவயலில் முயல் காணுதல்

கோலார் தங்கவயல் என்றதும் வெளியூரில் வாழும் தமிழ் நேயர்களின் மனக்கண் முன் நிற்பது பூமிக்கு அடியில் இருக்கும் ஊர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது, 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் இங்கு வந்தது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினர் என்பனவெல்லாம் பலமுறை சொல்லப்பட்டுவிட்ட செய்திகள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு இவ்வூரின் மேற்பரப்பில் என்ன நடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. சுரங்கக் கம்பெனிக்கு உரியதாயிருந்த நிலம் ஏறக்குறைய 12,000 ஏக்கர். அதில் ஆள் நடமாட்டம் குறைந்த இடமெல்லாம் புல்லும் உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் மண்டின. புல் வந்த இடத்தைத் தேடி முயலும் வந்தது. ஒருவேளை அது என்றைக்கும் இங்கேதான் இருந்து, நாம்தான் அன்று காணாதிருந்தோமோ என்னவோ.

நாம் பிறந்தது இவ்வூர் லைன் வீடுகளில் ஒன்றில். பிழைப்புக்காக வெளியூர் சென்று, அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்கும் தொழிலில் அமர்ந்தவர்கள் நாம். விடுமுறைதோறும் ஊருக்கு வரும்போது காமிராவுடன் முயல் தேடிப் போவது பல ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் கற்றுக்கொண்டவற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பெயர் விஷயம். ஆங்கிலத்தில் இரு வேறு சொற்களால் குறிக்கப்படும் இரண்டு பிராணிகளுக்கும் தமிழில் முயல் என்ற ஒரே சொல்லே வழங்குகிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு இது ஒரு தலைவலி. வீடுகளில் கூண்டில் வளரும் வெள்ளை முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த குழிமுயல். அது வளை தோண்டி வாழும். அதன் குட்டி கண் திறவாமல், உடலில் மயிரின்றிப் பிறக்கும். நமது காட்டு முயல் வளையே தோண்டுவதில்லை. புல்லை அழுத்தித் தன் உடல் அளவுக்கு ஒரு பள்ளம் செய்து, அதில் பகல் முழுவதும் படுத்திருக்கும். அதன் குட்டி கண் திறந்து, உடல் முழுவதும் ரோமத்துடன் பிறந்து, சிறிது நேரத்தில் நகரவும் தொடங்கிவிடும். கூண்டு முயலைக் கண்டு பழகிய குழந்தைகள் முதன்முறையாகக் காட்டு முயலைப் பார்க்கும்போது, இதன் கால்கள் ஏன் இவ்வளவு நீளம் என்று வியப்பதைக் கண்டிருக்கிறோம்.

தென்னாட்டு முயலின் பிடரியில் கறுப்புத் திட்டு ஒன்று உண்டு. வாலின் மேற்புறமும் கறுப்பு. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். டில்லியில் வாழும் நேயர்கள் அந்நகரின் ரிட்ஜ் காட்டில் காண்பது இதே இனத்தின் வடநாட்டு வகை. அதற்குப் பிடரியில் கறுப்பு இராது, வாலும் செம்பழுப்பாக இருக்கும். எனவே எந்த ஊரில் இருந்தாலும், ஓடும் முயலின் பின்புறத்தைப் பார்த்தே அது எந்தப் பக்கத்து முயல் என்று கூறிவிடலாம். பெரும்பாலும் நமக்குக் காணக் கிடைப்பதும் பின்புறம்தான்.

எங்கே தேடுவது? ஆரம்பத்தில் நாம் கையில் காமிராவை ஏந்திக்கொண்டு காலையெல்லாம் அலைந்து ஏமாந்தோம். ஊரிகத்துப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “முயலைத் தேடாதே தம்பி, புழுக்கையைத் தேடு” என்றார். “ஆட்டுப் புழுக்கைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் ஐயா?” என்று கேட்டதற்கு, இரண்டையும் எடுத்து நம் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினார். ஆட்டுடையது நீண்டு, கறுத்து, வழவழப்பாக இருக்கும். முயலுடையது உருண்டையாய், சிறிது தட்டையாய், வைக்கோல் நிறத்தில் இருக்கும். விரலால் நசுக்கினால் பொடிப்பொடியான புல் நாராக உதிரும். இது இரண்டு முறை குடலைக் கடந்து வந்தது என்பது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். முதல் முறை வெளிவரும் மென்மையான உருண்டையை முயல் பகலில் படுத்தபடியே மீண்டும் விழுங்கிவிடுகிறது. பசு அசைபோட்டுச் சாதிப்பதை இது இவ்வாறு சாதிக்கிறது.

புழுக்கைக்கு அடுத்தது காலடி. இவ்விஷயத்தில் தங்கவயலுக்கு ஈடான இடம் வேறு எங்கேனும் உண்டா என்பது ஐயமே. பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய பொடியை ஒரு நூற்றாண்டுக் காலம் கொட்டிக் கொட்டி உண்டானவை இங்குள்ள சயனைட் மேடுகள். அப்பொடி மூன்று கோடி டன்னுக்கும் மேல் என்பர். மேட்டின் மீது புல் பூண்டு அதிகமில்லை. ஆனால் இரவில் அதன் ஓரத்தைக் கடந்து செல்லும் பிராணி எதுவாயினும் அந்த மாவில் தன் கையெழுத்தை இட்டுச் செல்கிறது. முயலின் தடம் விசித்திரமானது. முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்திருக்க, அவற்றுக்கும் முன்னால் பின்னங்கால்கள் இரண்டும் பக்கம் பக்கமாகப் பதிந்திருக்கும். தாவும்போது பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி வந்து விழுவதே காரணம். இதை அறியாதவர் தடத்தைத் தலைகீழாகப் படித்து, முயல் வந்த திசையை நோக்கி நடந்து செல்வார். நாமும் அவ்வாறு சென்றவர்களே. காற்று எழுமுன் பார்த்துவிட வேண்டும். ஏழெட்டு மணிக்குமேல் பொடி பறக்கத் தொடங்கினால் ஏடு முழுவதும் அழிந்துபோகும். அந்தப் பொடி நெஞ்சுக்கும் காமிராவுக்கும் ஆகாது என்பதால், மேட்டின் மீது ஏறாமல் ஓரத்தோடு நின்றுவிடுதல் நலம்.

பருவத்துக்குப் பருவம் வேலை மாறும். பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து மறைவு குறைவதால் முயல் கண்ணுக்குத் தப்புவது அரிது. கழிவுநீர் ஓடும் வாய்க்கால், குடிநீர்க் குழாய் கசியும் இடம் என்று எங்கே சிறிது பச்சை இருக்கிறதோ அங்கே அந்தியில் வந்து மேயும். முதன்முதலாகப் பார்க்க விரும்புவோர் இந்த மாதங்களில் வரலாம். ஆனி, ஆடியில் காற்று மிகுதி. புல் ஓயாது அசைவதால் முயலின் காதுக்கும் வேலை அதிகம். நிம்மதியாக மேயாமல் அடிக்கடி நிமிர்ந்து பார்க்கும். இது படத்துக்கு நல்லது, அருகே செல்வதற்குக் கெட்டது. புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை. புல் முழங்கால் உயரம் எழுந்துவிடும். முயல் ஆண்டு முழுவதும் குட்டி போடும் பிராணி எனினும் மழையை ஒட்டியே மிகுதியாக ஈனும். அதனால் அப்போது முயல்கள் அதிகம், காட்சி குறைவு. படம் எடுக்கச் சென்று நனைந்து திரும்பிய நாட்களே நமக்கு நினைவிருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலைப் பிடிக்க, சுரங்கம் மூடியபின் வேலை தேடி வெளியூர் செல்லும் கூட்டம் தினமும் நடந்து செல்கிறது. அந்தப் பாதையோரத்தில் முயல் மேய்ந்துகொண்டிருக்கும். ஆட்கள் பேசிக்கொண்டு நடந்து போனால் அது அசையாது. எவரேனும் நின்றுவிட்டால் அக்கணமே மறைந்துவிடும்.

கனடா நாட்டின் எட்மன்டன், கால்கரி நகரங்களில் வெள்ளைவால் முயல்கள் வீட்டு முற்றங்களிலேயே திரிகின்றன. கோடையில் பழுப்பும், பனிக்காலத்தில் வெண்மையுமாக அவற்றின் உடல் மயிரே மாறிவிடும் என்பதால் அங்குள்ளோர் பருவந்தோறும் ஒரே முயலை இரு வேடத்தில் படமெடுக்கின்றனர். நமது முயலுக்கு அந்த வேடமாற்றம் இல்லை. இங்கே மாறுவது அதைச் சுற்றியுள்ள புல்லின் நிறமே.

படமெடுப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கிறது. ஆகையால் பின்னால் பதுங்கிச் செல்வது என்பது வீண் முயற்சி. நேராக அதை நோக்கி நடவாமல், வேறு எங்கோ செல்பவர்போல் சாய்வாக நடந்து, இடையிடையே நின்று, பிறகு உட்கார்ந்துவிட வேண்டும். காதுகள் நிமிர்ந்திருந்தால் அது நம்மை ஆராய்கிறது. காதுகளை முதுகோடு ஒட்டித் தரையோடு தரையாகப் படிந்துவிட்டால் அஞ்சுகிறது என்று பொருள். அந்த நிலையில் மேலும் ஓரடி வைக்கலாகாது. காமிராவை முயலின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி, அதாவது நாம் புழுதியில் குப்புறப் படுத்து எடுத்தால்தான் முயல் முயலாகத் தெரியும். நின்றுகொண்டு எடுத்தால் எலிபோல் தெரியும். அந்தி ஒளி குறைவாதலால் காமிராவின் உணர்திறனை 3200 அளவுக்கு உயர்த்தி, உட்கார்ந்திருக்கும் முயலுக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கு வேகம் வைத்தால் போதும். ஓடும் முயலுக்கு 1000-இல் ஒரு பங்கும் போதவில்லை என்பது நம் அனுபவம். பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்தலாகாது. இரவில் மேயும் கண்ணைக் கூசச் செய்து, தெருநாய்களிடம் அதை ஒப்படைப்பதற்கு அது சமம்.

மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், வெவ்வேறு பாகங்களைத் தாமே இணைத்துச் செய்துகொண்ட காமிராவால் கறுப்பு வெள்ளையிலேயே வாழ்நாள் முழுவதும் காட்டுயிர்களைப் படமெடுத்தார். தமிழிலும் அவற்றைப் பற்றி எழுதினார். கருவி போதவில்லை என்று நமக்குத் தோன்றும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வதுண்டு.

நாம் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், பழைய சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் பின்னணியில் தெரிய, ஒரு முயலை மிக நன்றாக எடுத்தோம். மகிழ்ச்சி தாளாமல் அதை அறிந்தவர் தெரிந்தவர்க்கெல்லாம் காட்டினோம். எந்த இடம் என்றும் சொன்னோம். பின்னணியைப் பார்த்த எவருக்கும் இடம் தானாகவே புரிந்திருக்கும். பத்து நாட்களுக்குள் அதே தடத்தில், புல்லுக்கிடையே, கம்பிக் கண்ணிகள் மூன்று கட்டப்பட்டிருந்தன. ஒன்றில் ரோமம் ஒட்டியிருந்தது. கண்ணிகளை அவிழ்த்து எறிந்தோம். அந்த ஆண்டு மழை வரும்வரை அவ்விடத்தில் புதிய புழுக்கை காணப்படவில்லை. பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றில் இருந்ததை நேயர்கள் அறிவர். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயலைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அதுமுதல் நாம் இடத்தைச் சொல்வதில்லை. பின்னணியில் அடையாளம் தெரியும் படத்தை எவருக்கும் கொடுப்பதும் இல்லை.

புல்லில் தனியே கிடக்கும் குட்டியைக் கண்டு, அநாதை என்று இரங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு. தாய் அதைக் கைவிட்டதில்லை. ஐரோப்பிய முயல்களை ஆராய்ந்தவர்கள், தாய் நாளுக்கு ஒரே ஒரு முறை, பொழுது சாய்ந்தபின் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது என்று கண்டிருக்கின்றனர். அருகிலேயே இருந்தால் தன் மணம் நரிக்கு வழிகாட்டும் என்பதே அதன் கணக்கு. குட்டியைத் தொடாமல் வந்த வழியே திரும்புவதுதான் நாம் செய்யக்கூடியது.

இந்தச் சயனைட் மேடுகளில் இன்னும் சிறிதளவு பொன் எஞ்சியிருக்கிறது. 13 மேடுகளை மீண்டும் தோண்டிப் பொன் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் இசைவு தந்தது. ஊரில் வேலை வேண்டும் என்று காத்திருப்போர் பலர். விடியுமுன் ரயிலுக்கு ஓடும் கூட்டத்தில் நம் உறவினரும் உண்டு. ஆகவே மேடு அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை. லாரிகள் வரும் பாதை எது, ஓரத்துப் புல்வெளி எவ்வளவு மிஞ்சும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம் அல்லவா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அதற்காகவே எந்த மாதம், எந்த நேரம், எத்தனை முயல் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறோம். கேட்பவர் எவரேனும் வந்தால் காட்டலாம்.

சென்ற மார்கழியில் எடுத்த படம் ஒன்று நம் மேசைமேல் இருக்கிறது. பனியில் ஒரு முயல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதித்தவன் கதை நம்மிடையே பிரசித்தம். படத்தைப் பார்த்த ஊர் நண்பர் ஒருவர் நெடுநேரம் எண்ணிவிட்டு, “இதற்கு இரண்டுதானே தெரிகிறது?” என்றார்.