வாணிப நுண்ணறிவை அறிவது எவ்வாறு?

வெளி மாநிலங்களில் கடையோ உணவு விடுதியோ நடத்தும் நம்மவரில் பலர், ஆள் தேவைப்படும்போது முதலில் ஊருக்குத்தான் சொல்லி அனுப்புகின்றனர். உறவினர் மகன் ஒருவன் வந்து சேர்கிறான். அவன் நேர்மையில் ஐயமில்லை. ஆனால் நேர்மை வேறு, வாணிப நுண்ணறிவு வேறு. பின்னது இல்லாத நல்லவனிடம் கடையை ஒப்படைத்து, முதலையும் இழந்து, உறவையும் இழந்தவர் உண்டு. அன்பை மட்டுமே கருதி ஒருவரைத் தேர்ந்தெடுத்தல் தீங்கு என்பதைத் திருவள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் உணர்த்துகிறார்.

அந்த நுண்ணறிவு தொழிற்பழக்கத்தினின்றும் வேறானது. ஜாம்ஷெட்ஜி டாட்டா நாகபுரியில் நிறுவிய எம்பிரஸ் பஞ்சாலை 1877 ஜனவரி 1 அன்று தொடங்கிற்று. அதன் நிர்வாகத்திற்கு அவர் தெரிந்தெடுத்த பெஜோன்ஜி தாதாபாய் மேத்தா, ரயில்வேயின் சரக்குப் பகுதியில் பணியாற்றியவர். ஆலைத் தொழில் அறியாதவர். இயந்திரங்களைக் கவனிக்க ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேய வல்லுநர் இருந்தார். தறி அறிந்தவர் ஒருவர், நிர்வாகம் அறிந்தவர் மற்றொருவர் எனப் பணி பிரிந்தது, ஆலையும் செழித்தது.

சிறு கடைக்காரரும் இவ்வாறு ஆராயலாம். வந்தவனிடம், “இக்கடைக்கு லாபம் எதிலிருந்து வருகிறது?” என்று வினவுக. “நிறைய விற்றால் லாபம்” என்பவன் பாதியே அறிந்தவன். வாடகை எவ்வளவு, மிஞ்சும் மாவு என்னாகிறது, கடன் நிலுவை எத்தனை நாளில் திரும்புகிறது என்று எதிர்வினா எழுப்புபவனோ பணம் வரும் வழியோடு போகும் வழியையும் காண்பவன். அடுத்து, முன்பு கண்ட நஷ்டம் ஒன்றைச் சொல்லச் செய்க. பிறர்மீது பழி போடுகிறானா, தான் கற்றதைக் கூறுகிறானா என்பது விளங்கும். இறுதியாக, ஒரு வாரக் கொள்முதலை ஒப்படைத்துப் பார்க்க. கையிருப்பை எண்ணிய பின்னரே சந்தைக்குப் புறப்படுகிறானா என்று கவனித்தால் போதும். பேச்சு காட்டாததைச் செயல் காட்டிவிடும்.

இச்சோதனையில் ஊர்ப்பிள்ளை தேறினால் மகிழ்ச்சியே. வாடிக்கையாளரின் மொழியும் சுவையும் அறிந்த உள்ளூர் இளைஞன் தேறினால், அவனை அயலான் என்று ஒதுக்குதல் நமக்கே நஷ்டம். உறவுக்கு உதவ வேறு வழிகள் உண்டு. பிழைக்க வந்த இடத்தில் நம்மைத் தாங்கி நிற்பது அந்தக் கடை ஒன்றே.