சிவப்பு உடைக்கு வெற்றி உண்டா?

"சிவப்பு உடுத்தினால் ஜெயம்" என்று நம்புகிறவர்கள் உண்டு. இது உண்மையா?

2004-ம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. குத்துச்சண்டை, மல்யுத்தம், டேக்வாண்டோ ஆகியவற்றில் ஒருவருக்குச் சிவப்பு, எதிராளிக்கு நீலம். எந்த நிறம் என்பதை வீரர்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

ரஸ்ஸல் ஹில், ராபர்ட் பார்ட்டன் என்ற இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் முடிவுகளை எண்ணிப் பார்த்தனர். நூற்றுக்கு சுமார் 55 போட்டிகளில் சிவப்பு ஜெயித்திருந்தது!

நடுவர் கண்

ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2008-ல் வெளியாயிற்று. 42 டேக்வாண்டோ நடுவர்களுக்குச் சண்டைப் படம் காட்டினார்கள். பிறகு கம்ப்யூட்டர் மூலம் இருவரின் நிறத்தை மட்டும் மாற்றி, அதே படத்தைக் காட்டினார்கள்.

ஆள் அதே ஆள். அடி அதே அடி. ஆனால், சிவப்புக்கு 13 சதவீதம் கூடுதல் புள்ளி விழுந்தது!

2012 லண்டன் ஒலிம்பிக்கில், டேக்வாண்டோ அடிகளை எண்ண மின்னணுக் கவசம் வந்தது. 1996 முதல் 2020 வரை நடந்த பெரிய பந்தயங்களைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சிவப்பின் சலுகை அநேகமாக மறைந்துவிட்டது.

ஆகவே, பேட்டிக்குப் போகிறவர்கள் ராசியான நிறம் தேடி அலைய வேண்டாம். மார்க் போடுகிறவர்கள்தான் தங்கள் கண்ணைக் கவனித்துக்கொள்ள வேண்டும்!