பேண்டு கச்சேரி கேட்பது எப்படி?

கல்கத்தாவில் குடியேறிய நம்மவர்களுக்கு லேக் மார்க்கெட் கைரேகை மாதிரித் தெரியும். காப்பிப் பொடி, வாழை இலை, அப்பளம் எல்லாம் அங்கேதான். பார்க் தெரு அப்படியல்ல. டிசம்பர் மாதம் குழந்தைகளை அழைத்துப் போய் விளக்கு அலங்காரம் காட்டி, கேக் வாங்கித் திரும்புவதோடு சரி. அந்தத் தெருவிலும், நகரின் மற்ற கிளப்புகளிலும் இரவு எட்டு மணிக்கு மேல் நடக்கும் பேண்டு இசை பற்றி நம் சங்கத்து அன்பர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள்தான் வரும். "காது கிழியும் சத்தம் சார்" என்பது ஒன்று. "அது நம்ம மாதிரி குடும்பங்களுக்கான இடம் இல்லை" என்பது மற்றொன்று.

நான் சங்கீத வித்வான் அல்ல. சபாக் கச்சேரிகளில் தொடையில் தாளம் போடும் கூட்டத்தில் ஒருவன், அவ்வளவே. ஆனால் என் தங்கையின் மகன் ஒரு பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கிறான். பகலில் கம்பெனி வேலை, சனிக்கிழமை இரவு கிளப். வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதிலேயே இறங்கட்டுமா என்று அவன் வீட்டில் கேட்டதும் தங்கை என்னிடம் வந்தாள். "அண்ணா, நீங்க ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்க. உங்களுக்குத்தான் பாட்டு தெரியும்" என்றாள். போனேன். பிறகு பல தடவை போய்விட்டேன். அங்கே கேட்டதையும், அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இப்போது நம் வீடுகளில் கிடார் இல்லாத வீடு குறைவு என்பதால், மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். பார்க் தெருவில் மொகாம்போ 1956ல் திறந்தது. தேநீர்க் கடையாக இருந்த டிரிங்காஸ் 1959ல் கைமாறி, பின்னர் பாட்டுக்குப் பேர் போன இடமாயிற்று. பாம் கிரெய்ன் என்ற ஜாஸ் பாடகி இந்தத் தெருவின் ராணியாக இருந்தார். டார்ஜிலிங்கில் பிறந்த பியானோ கலைஞர் லூயிஸ் பாங்க்ஸ், பம்பாய் போவதற்கு முன் ப்ளூ ஃபாக்ஸில் வாசித்தவர். 1988ல் தூர்தர்ஷனில் நாம் எல்லோரும் கேட்ட 'மிலே சுர் மேரா தும்ஹாரா' பாட்டின் இசையில் அவருக்கும் பங்கு உண்டு.

நம்மவர் பெயரும் இதில் இருக்கிறது. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா ஐயர், சென்னை மவுண்ட் ரோடில் சஃபையர் தியேட்டர் கட்டடத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் முதலில் பாடினார். அங்கிருந்து கல்கத்தா டிரிங்காஸ் மேடைக்கு வந்தார். பட்டுப்புடவை, பெரிய பொட்டு, தலையில் பூ. அந்தக் கோலத்தில் அவர் ஆங்கிலப் பாட்டுப் பாடியதும் ஊரே திரும்பிப் பார்த்தது. அவர்தான் பின்னாளில் உஷா உதுப். 2011ல் பத்மஸ்ரீ, 2024ல் பத்மபூஷண். "நம்ம குடும்பங்களுக்கான இடம் இல்லை" என்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

இனி மேடைக்கு வருவோம். பேண்டு என்றதும் கல்யாண ஊர்வலத்து பேண்டு வாத்தியத்தை நினைக்க வேண்டாம். இங்கே பெரும்பாலும் நாலைந்து பேர். டிரம்ஸ், பேஸ் கிடார், ஒன்றோ இரண்டோ கிடார், சில சமயம் கீபோர்டு, ஒரு பாடகர்.

கர்நாடக சங்கீதக் காதுக்கு இதில் முதலில் புரியாமல் போவது 'கார்டு' என்ற விஷயம். நாம் ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பழகியவர்கள். இவர்கள் மூன்று ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்கிறார்கள். சங்கராபரணத்தை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ச-க-ப மூன்றையும் சேர்த்து மீட்டினால் ஒரு கார்டு. ம-த-ச சேர்த்தால் இன்னொன்று. ப-நி-ரி சேர்த்தால் மூன்றாவது. ஆயிரக்கணக்கான மேல்நாட்டுப் பாட்டுகள் இந்த மூன்றை வைத்தே ஓடுகின்றன. பாட்டு ச-வில் வீட்டில் இருக்கிறது, ம-வுக்கு வெளியே கிளம்புகிறது, ப-வில் 'எப்போது வீடு திரும்பலாம்' என்று ஏங்குகிறது, மீண்டும் ச-வுக்கு வருகிறது. இந்தப் போக்குவரத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கச்சேரி புரிந்துவிடும்.

பேஸ் கிடாருக்கு நாலு தடித்த தந்திகள். சாதாரண கிடாருக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசும். நம் தம்புரா கச்சேரி முழுக்க ஒரே ஆதாரத்தில் நிற்கிறது. பேஸ், கார்டு மாறும்போதெல்லாம் தானும் இடம் மாறி, அந்தந்தக் கார்டின் அடி ஸ்வரத்தைத் தட்டிக் காட்டுகிறது. நடந்துகொண்டே இருக்கும் தம்புரா என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அது நின்றால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

தாளம் பெரும்பாலும் நாலு எண்ணிக்கை. இரண்டு சுற்று சேர்ந்தால் நம் ஆதி தாளத்துக்கு எட்டு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காலால் மிதிக்கும் பெரிய டிரம் ஒன்றிலும் மூன்றிலும் விழும். 'டப்' என்று கேட்கும் சின்ன டிரம் இரண்டிலும் நாலிலும் விழும். கை தட்டுவதானால் இரண்டிலும் நாலிலும் தட்ட வேண்டும். ஒன்றில் தட்டினால் பக்கத்து மேசைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

'ப்ளூஸ்' என்ற வகையில் கணக்கு இன்னும் தெளிவு. நாலு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு கட்டங்கள், அதாவது ஆறு ஆதி தாள ஆவர்த்தனம். முதல் நாலு கட்டம் ச கார்டு. அடுத்த இரண்டு ம, பிறகு இரண்டு ச. ஒன்பதாவது கட்டம் ப, பத்தாவது ம, கடைசி இரண்டு மறுபடி ச. வழக்கமான அமைப்பு இதுதான். பாடகர் பாடி முடித்ததும் இந்தச் சுற்றின்மேல் ஒவ்வொருவராகக் கற்பனையாக வாசிப்பார்கள். நம் கல்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் மாதிரிதான். அடுத்தவருக்குக் கொடுப்பது கண் ஜாடையில் நடக்கும். ஒருவர் தனி வாசித்து முடித்ததும் பாட்டு நடுவிலேயே கை தட்டலாம், அது மரியாதை.

நான் போன முதல் இரவு, இரண்டாவது பாட்டின் நடுவே பாடகியின் மைக் செத்துப் போயிற்று. வாயசைவு தெரிகிறது, குரல் இல்லை. மற்றவர்கள் நிறுத்தவில்லை. என் மருமான் டிரம்ஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்தான். இரண்டு பேரும் சத்தத்தைக் குறைத்து அதே சுற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். கிடார்க்காரர் அதன்மேல் ஏதோ வாசித்து நிரப்பினார். வேறு மைக் வந்தது. சுற்று முதலிலிருந்து தொடங்கும் அந்த இடத்தில் பாடகி சரியாக எடுத்தார். மிருதங்க வித்வான் பாடகரைக் கரையேற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதே பொறுப்பு இங்கேயும் இருப்பதை அன்றுதான் கண்டேன்.

சத்தம் பற்றிய புகாரில் நியாயம் உண்டு. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான். எனவே ஸ்பீக்கருக்கு நேரே உட்காராதீர்கள். காதடைப்பான் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம், வாசிப்பவர்களே போட்டுக்கொள்கிறார்கள். நாள்தோறும் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு இது அவசியம். போன செவி திரும்பாது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் இரவுக்குக் கிளப் கொடுக்கும் தொகையை ஐந்து பேர் பிரித்துக்கொள்கிறார்கள். டாக்சி, தந்தி, ஒத்திகை அறை வாடகை எல்லாம் அதிலிருந்துதான். வைப்பு நிதி கிடையாது. சனிக்கிழமை கூட்டம் வராவிட்டால் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள். பெரிய கலைஞர்களே இந்தத் தெருவை விட்டு பம்பாய்க்குப் போனதற்கு 1970களின் கொந்தளிப்பும், கேளிக்கை வரியும், இங்கே வருமானம் சுருங்கியதும் காரணங்கள்.

ஆகவே தங்கையிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "பையன் கெட்டுப் போகலை. ஒழுங்கா உழைக்கிறான், தாளம் பிசகலை. ஆனா இதுல சாப்பாடு நிச்சயம் இல்லை. வேலையை இப்போதைக்கு விட வேண்டாம்னு நீ சொல்லு, வாசிக்காதேன்னு மட்டும் சொல்லாதே." அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. அவளுக்கும் இல்லை. தற்போது வேலையும் வாசிப்பும் இரண்டும் நடக்கின்றன. ஒரு வருஷம் கழித்து மறுபடி பேசுவதாக ஏற்பாடு.

உங்கள் வீட்டிலும் ஒரு கிடார் இருந்தால், தடுப்பதற்கோ தட்டிக் கொடுப்பதற்கோ முன்னால் ஒரு சனிக்கிழமை போய் உட்காருங்கள். மது அருந்த வேண்டிய கட்டாயமில்லை, எலுமிச்சை சோடா கிடைக்கும். நுழைவுக் கட்டணம் உண்டா, பிள்ளைகளை விடுவார்களா என்று முன்னதாகப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பின்வரிசையில் இடம் பிடித்து, முதல் பாட்டு முழுவதும் பேஸ் கிடாரை மட்டும் கேளுங்கள். இரண்டாவது பாட்டில் சின்ன டிரம்மைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பாட்டில் உங்கள் விரல் தானாக மேசையில் தாளம் போடும்.