தண்ணிக்குத் தாங்கும் போன் கடலுக்குத் தாங்குமா?

போன விடுமுறைக்கு நிந்தவூர்க் கடற்கரைக்குப் போயிருந்தோம். என் மருமகனின் கைத்தொலைபேசி அலைக்குள் விழுந்துவிட்டது. "ஒண்ணும் ஆகாது மாமா, இது ஐபி 68" என்று துடைத்துவிட்டு அன்றிரவே சார்ஜ் போட்டான். விடிய, போன் எழும்பவில்லை. இரண்டு மாதச் சம்பளம்!

ஐபி என்பது பரிசோதனைக் குறி. முதல் இலக்கம் 6 என்றால் தூசு போகாது. அடுத்தது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் அமிழ்த்திப் பார்த்தது. 8 அதைவிடக் கடுமையானது. ஆழத்தையும் நேரத்தையும் கம்பனியே சொல்லும். ஆனால் அமிழ்த்துவது புதுப் போனை, அதுவும் நல்ல தண்ணீரில். கடல் உப்போ சார்ஜ் வாயில் தங்கி, மின்சாரம் ஏறியதும் உலோகத்தை அரித்துவிடும். விழுந்து அடிபட்ட போனுக்குக் குறியை நம்பவே வேண்டாம்.

வேர்வையிலும் உப்பு உண்டு. போனைச் சட்டைக்குள் வைத்துக் கொழுந்தெடுக்கும் அக்காமார் கவனிக்கவும்.

ஐபி 67, 68 உள்ள போனில் கடல் தண்ணி பட்டால் நிறுத்திவிட்டு, நல்ல தண்ணியில் அலசி, காற்றில் உலர விடுங்கள். காயும்வரை சார்ஜ் கூடாது. அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூள் உள்ளே போகும். வாங்கும்போதே, தண்ணிப் பழுதுக்கு உத்தரவாதம் உண்டா என்று கடையில் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்பார்கள்.