வளைகாப்புக்கு முன்னும் பத்தியத்துக்குப் பின்னும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமான சுவாமியின் தலவரலாற்றை மெய்யன்பர்கள் அறிவார்கள். காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் வந்து சேர முடியாமற்போக, பிரசவ வேதனையில் தவித்த வணிகர் குலப் பெண்ணுக்கு ஈசனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது ஐதீகம். இறைவனே மருத்துவச்சியாக வந்த கதையைக் கொண்டாடும் நாம், கருப்பம், கருத்தடை என்று பேச்செடுத்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். கோயில் மலரில் இந்த விஷயம் எதற்கு என்று செயற்குழுவிலேயே ஓர் அன்பர் கேட்டார். "வளைகாப்புக்கு நம் மண்டபத்தைத்தானே பதிவு செய்கிறார்கள்?" என்றேன். அவர் மேலே பேசவில்லை.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். என் தங்கை அரசாங்கக் கிளினிக்கில் பல்லாண்டு தாதியாக இருந்தவள். பணி ஓய்வுக்குப் பிறகு, மலாய் சரளமாகப் பேசத் தயங்கும் இளம் மருமகள்களுக்குத் துணையாக நானும் அந்தக் கிளினிக் நாற்காலிகளில் எத்தனையோ காலைப் பொழுதுகளைக் கழித்திருக்கிறேன். அங்கே கேட்டதும், தங்கையிடம் கேட்டுத் தெளிந்ததுமே இக்கட்டுரை.

நாடு சுதந்திரம் பெற்ற 1957இல் மலாயாவில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தார்கள். 2010களில் அந்த எண்ணிக்கை 20க்கும் 30க்கும் இடையில் வந்து நின்றது. இது தானாக நடந்ததன்று. 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம் பேறு பார்ப்பவர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. கிராமங்களில் கிளினிக்குகள் எழுந்தன. தாதிகள் வீடு தேடி வந்தார்கள். 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும், யார் மீதும் பழி போடாமல், எங்கே கை நழுவியது என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

என் பெரியம்மா 1967இல், ஆறாவது பிரசவத்தில், தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காலமானார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, உதிரப்போக்கு நிற்கவில்லை. "விதி" என்றார்கள் பெரியவர்கள். ஆறு பிள்ளைகளும் ஒன்பது ஆண்டுக்குள் பிறந்தவர்கள். பால்மரம் சீவப் போய்க்கொண்டே சுமந்தவர். உடம்பில் இரத்தமே இல்லாத ஒரு பெண் எவ்வளவு இழப்பைத் தாங்குவாள்? அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை.

கருப்ப காலத்தில் தாயின் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப்பங்கு கூடுகிறது. அதற்கு ஈடாக இரும்புச் சத்து கிடைக்காவிட்டால் சோகை வரும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் கருவுற்றவளுக்குச் சோகை என்று கணக்கு. இதற்காகத்தான் கிளினிக்கில் இரும்பு மாத்திரை தருகிறார்கள். நம் பெண்கள் பலர் அதை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்! மலம் கறுத்துப் போகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கறுப்பது மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் பழமும் உதவும்; அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரையை மாற்றித் தரும்படி தாதியிடம் கேட்கலாம். முக்கியமாக ஒன்று: மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே தே தாரேக் குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேராமல் தடைப்படும். தேநீர், காப்பி, பால் இவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். குங்குமப்பூவுக்குச் செலவழிக்கிறார்களே, அதனால் பிள்ளையின் நிறம் மாறுவதில்லை. அந்தப் பணத்தில் முட்டையும் மீனும் வாங்கலாம்.

இனி வளைகாப்புக்கு வருகிறேன். ஏழாம் மாதத்தில் மண்டபம் நிறைய உறவினர் கூடுவது மகிழ்ச்சிதான். ஆனால் சில வீடுகளில் அதுவரை கருப்பத்தை வெளியே சொல்லக்கூடாது, கண்ணேறு படும் என்று கிளினிக்குக்கும் போகாமல் இருந்துவிடுகிறார்கள். 12 வாரத்துக்குள் பெயர் பதிய வேண்டும் என்று தாதிகள் சொல்வது ஏன் தெரியுமா? இரத்தப் பிரிவு, சோகை, நோய்த்தொற்று, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே பார்த்து வைத்தால்தான் பின்னால் ஏற்படும் மாற்றம் புலப்படும். ஃபோலிக் அமிலம் அதற்கும் முந்தியது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதைப் பெண் கவனிப்பதற்கும் அந்த வேலை முடிவதற்கும் இடையே அதிக நாள் இல்லை. ஆகவே பிள்ளை வேண்டும் என்று எண்ணும்போதே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்கி, முதல் 12 வாரம் வரை தொடர வேண்டும். நீரிழிவோ வலிப்போ உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவைக் கூட்டித் தருவார்.

நீரிழிவு நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. கருப்பத்தில் மட்டும் தலைகாட்டும் நீரிழிவும் இந்தியப் பெண்களிடம் அதிகம். கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பார்கள். 'சீனித் தண்ணீர்' என்று நாம் சொல்வது இதைத்தான். குமட்டும், காத்திருக்கவும் வேண்டும். பலர் தட்டிக்கழிப்பதும் இதனால்தான். சர்க்கரை கூடியிருப்பதை அறியாமல் விட்டால் பிள்ளை மிகப் பெரிதாக வளர்ந்து பிரசவம் சிக்கலாகும். பிறந்தவுடன் பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். பெற்றோருக்கு நீரிழிவு உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள், முன்பு பெரிய பிள்ளை பெற்றவர்கள் ஆரம்பத்திலேயே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பிள்ளை பிறந்த ஆறு வாரத்தில் இன்னொரு முறை செய்ய வேண்டும். இதை மறப்பவர்கள்தாம் அதிகம்.

கிளினிக் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தின் அட்டையில் ஒரு நிற அடையாளம் ஒட்டியிருப்பார்கள். வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பு போதும். பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் தாமதமின்றிப் போக வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. நமக்குச் சிவப்பும் மஞ்சளும் மங்கல நிறங்கள், அங்கே அப்படியில்லை. ஒருமுறை ஒட்டிய நிறம் அடுத்த முறை மாறலாம் என்பதால் ஒவ்வொரு தடவையும் அட்டையைப் பாருங்கள், மாமியார்மாரும் பாருங்கள்.

நிறம் எதுவாயினும், இவற்றைக் கண்டால் வெள்ளிக்கிழமை, அஷ்டமி என்று நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்: தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம், உதிரம் காணல், நீர்க்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல். முதல் நான்கும் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரப்போவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அசைவைப் பொறுத்தவரை, காலை 9 மணியிலிருந்து எண்ணத் தொடங்கி இரவு 9 மணிக்குள் பத்து உதை வர வேண்டும் என்று அட்டவணை தருவார்கள். ஆனால் வழக்கத்தைவிடக் குறைவு என்று தாய்க்குத் தோன்றினாலே இரவு வரை காத்திருக்கக் கூடாது. "பிள்ளை தூங்குகிறது" என்று பாட்டி சொன்னதை நம்பி ஒரு நாள் தாமதித்த வீட்டை நான் அறிவேன்.

குழந்தை பிறந்தவுடன் தாய்க்குப் போடும் ஊசி கருப்பை சுருங்கி உதிரப்போக்கு நிற்பதற்காக. என் பெரியம்மாவுக்குக் கிடைக்காதது அதுதான்.

பத்தியத்தைப் பற்றி எழுதினால் என் வயதுடைய பெண்களே சண்டைக்கு வருவார்கள். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுறாப் புட்டு, நாட்டுக்கோழி எல்லாம் நல்ல உணவே, தாராளமாகக் கொடுங்கள். தண்ணீரைக் குறைப்பதுதான் ஆபத்து. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் கூடும். தண்ணீர் குறைந்து, படுத்த படுக்கையாகவும் இருந்தால் காலில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் நொடியில் உயிர் போகும். இந்நாட்டில் தாய்மார்களின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்று. எனவே பிரசவித்தவள் வீட்டுக்குள் நடமாட வேண்டும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள் இன்னும் கவனமாக. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோ நாற்றமோ இருந்தாலோ வீட்டுக்கு வரும் தாதிக்காகக் காத்திராதீர்கள். காரணமின்றி அழுதுகொண்டே இருந்தாலும் அதைக் 'காற்று' என்று ஒதுக்காமல் சொல்லுங்கள். அதுவும் நோய்தான், மருந்து உண்டு.

பத்தியம் முடிந்ததும் பேச வேண்டிய பேச்சு ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. "இன்னும் தீட்டே வரவில்லையே, பிள்ளை எப்படித் தங்கும்?" என்று ஒரு பழைய மாணவி என்னிடம் கேட்டாள். அவள் கையில் ஐந்து மாதக் குழந்தை, வயிற்றில் இரண்டு மாதக் கரு. சினைமுட்டை முதலில் வெளிப்படும். தீட்டு அதற்கு இரு வாரம் கழித்தே வரும். ஆகவே முதல் தீட்டுக்கு முன்பே கரு தங்கலாம். தாய்ப்பால் கொடுக்காதவளுக்கு நான்காம் வாரத்திலேயே முட்டை வெளிப்பட இடமுண்டு. தாய்ப்பால் ஒரு காப்புதான், ஆனால் மூன்று நிபந்தனைகள் சேர்ந்திருக்க வேண்டும்: இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், தீட்டு திரும்பியிருக்கக் கூடாது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் வேறு வழி தேட வேண்டும். அந்த மாணவி மாலையில் ஒரு புட்டி மாவுப்பால் கொடுத்துவந்தாள்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே இரண்டு ஆண்டாவது வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அறுவைச் சிகிச்சையில் பெற்றவர்களுக்கு இடைவெளி மிகக் குறைந்தால் பழைய தழும்பு பிரியும் அபாயம் கூடுகிறது.

மாத்திரைகளில் இரு வகை உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்தது, பச்சைக் குழந்தைக்குப் பாலூட்டுபவர்களுக்கும், இரத்த அழுத்தமோ இரத்தம் உறையும் குறையோ உள்ளவர்களுக்கும் ஏற்றதன்று. பாலூட்டுபவர்களுக்கென்று மற்றொரு வகை இருக்கிறது. அதைத் தினமும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். மாமியிடமோ பக்கத்து வீட்டிலோ வாங்கி விழுங்குவதற்கு இது இருமல் மாத்திரை அன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும், மேற்கையின் தோலுக்கடியில் வைத்து மூன்று ஆண்டு பலன் தரும் சிறு குச்சியும் மறதிக்காரர்களுக்கு நல்லவை. இவற்றால் தீட்டு தாறுமாறாகலாம். சொட்டுச் சொட்டாகப் பல நாள் படலாம். பூஜை அறைக்கும் கோயிலுக்கும் போக முடியவில்லையே என்ற வருத்தத்தில் நம் பெண்கள் பாதியில் எடுத்துவிடுகிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் தமக்குப் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ளலாம். கருப்பையில் வைக்கும் காப்பர் டி பத்தாண்டு வரை நிற்கும், மருந்து கலவாதது. ஆனால் உதிரப்போக்கைக் கூட்டலாம் என்பதால் சோகையுள்ளவர்கள் தாதியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறந்த 48 மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளாவிட்டால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

ஆண்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்தால், மனைவியின் வயிற்றைத் திறப்பதைவிடக் கணவனுக்குச் செய்யும் சிகிச்சை எளிது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். பலமோ ஆண்மையோ குறையாது. ஆனால் பலன் உடனே வராது. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து விந்துவைச் சோதித்து, அணு இல்லை என்று உறுதியாகும் வரை உறையோ வேறு வழியோ வேண்டும்.

நீரிழிவு, இருதயக் கோளாறு, வலிப்பு உள்ள பெண்கள் அடுத்த பிள்ளைக்கு முயல்வதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர்கள் விழுங்கும் சில மருந்துகள் கருவுக்கு ஆகாதவை. மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. அவரே மாற்றித் தருவார். போகும்போது பழைய இளஞ்சிவப்புப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.