துக்க வீட்டிலும் நன்றி



விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டும். வீடு திரும்பினால் சமையல், துணிமணி, பிள்ளைகளின் பாடம். தோட்டத்தை விட்டுக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் குடியேறியவர்களுக்கோ தொழிற்சாலையின் இரவு வேலையும் ரயில் பயணமும் இருக்கின்றன. இதற்கிடையே வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது? அந்த வீட்டில் நன்றி என்ற சொல்லுக்கும் இடம் உண்டா? இன்று இதைப் பற்றிச் சிந்திப்போம்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டனர். நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பலியானவர் ஏராளம். பல குடும்பங்களுக்கு உடலும் வந்து சேரவில்லை. இறந்த நாளும் தெரியவில்லை. நாள் பார்த்துக் கருமாதி செய்யவும் வழியில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குப் பசித்தது. மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொடுத்து அவர்களை ஆளாக்கிய தாய்மார்களின் வழியில் வந்தவர்கள் நம்மில் பலர்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று நம் பெரியவர்கள் வைத்த வழக்கத்தில் ஒரு பொருள் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டு வருவார்கள், அழுகிறவர் அழலாம். ஆனால் பதினாறாம் நாள் முடிந்து உறவினர் புறப்பட்ட பிறகுதான் வீடு வெறிச்சோடுகிறது. வேலைக்கும் போயாக வேண்டும்.

அப்போது மனம் ஊஞ்சலைப் போல ஆடும். ஒரு வேளை இழப்பை நினைத்து உருகும். மறு வேளை அன்றாட வேலையில் இறங்கும். துக்கத்தைத் தாங்கும் இயல்பான முறை இதுவே என்று ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் இருவரும் 1999இல் விளக்கினர். ஆகவே பிள்ளையின் குறும்பைக் கண்டு நாம் சிரித்துவிட்டால், இறந்தவரை மறந்துவிட்டோம் என்று பொருளல்ல.

பிள்ளைகளும் அப்படித்தான். சற்று முன் அழுத குழந்தை இப்போது ஓடி விளையாடும். அதைக் கண்டிக்க வேண்டாம். சிறு குழந்தைக்குச் சாவு என்றால் திரும்பி வராமை என்பது எளிதில் புரியாது. ‘அப்பா தூங்குகிறார்’ என்று சொன்னால் அது தூங்கவே அஞ்சக்கூடும். ‘அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், நான் உன்னோடு இருக்கிறேன்’ என்று தெளிவாகச் சொல்வதே நல்லது. மறுபடியும் மறுபடியும் கேட்டால், பொறுமையாக அதையே சொல்வோம்.

இனி நன்றியைப் பார்ப்போம். 2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, பத்து வாரம், தாம் நன்றி பாராட்டும் செய்திகளை எழுதினர். தொல்லைகளை எழுதியவர்களைவிட இவர்கள் தம் வாழ்வைப் பற்றி நிறைவாக உணர்ந்தனர். எனினும் அது துக்கத்தில் இருந்தவர்களுக்கென்று நடத்திய ஆய்வன்று. ஆதலால் நன்றியைத் துக்கத்துக்கு மருந்து என்று சொல்லிவிட முடியாது.

திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். பிறர் செய்த உதவியை மறவாமையே அதன் பொருள். சோறு கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவை நினைப்பது நன்றி. இறந்தவர் நமக்குச் செய்ததை நினைப்பதும் நன்றிதான். அங்கே கண்ணீரும் நன்றியும் ஒரே நினைவிலிருந்து பிறக்கின்றன.

இரவுச் சாப்பாட்டின்போது பத்து நிமிடம் ஒதுக்குவோம். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்கட்டும். ‘இன்று நமக்கு யார் என்ன உதவி செய்தார்கள்?’ என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். பிள்ளை ‘ஒன்றுமில்லை’ என்றால் அதையும் ஏற்றுக்கொள்வோம். இறந்தவரின் பெயரையும் தயங்காமல் சொல்வோம். ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்’ என்று மட்டும் பிள்ளையின் வாயை அடைக்க வேண்டாம்.

உறக்கமும் உணவும் நெடுநாள் கெட்டுப்போனாலும், வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் வந்தாலும், உடனே கிளினிக்கை நாட வேண்டும். பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பும் தொலைபேசியில் நம் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்கிறது. உதவி கேட்பதில் வெட்கமில்லை.

பிள்ளைகளுக்காக நாளெல்லாம் உழைக்கிறோம். அந்த நாளில் பத்து நிமிடம் அவர்கள் முகம் பார்த்துப் பேசுவோம்.