அடுக்களைப் புகையும் ஆலைப் புகையும்: கணிப்பொறி போடும் கணக்கு

சென்னையிலிருந்து பூந்தமல்லி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் அணிவகுத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். கார்களும் கண்ணாடியும் கைபேசிகளும் அங்கே உருவாகின்றன. நம் பிள்ளைகள் பலருக்கு அவை பிழைப்பைத் தந்துள்ளன. ஆனால் அப்பகுதியில் குடியிருக்கும் ஒரு தாய், "இந்தக் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் என் குழந்தையின் உடலுக்குள் எவ்வளவு நஞ்சு போகிறது?" என்று கேட்டால் யார் விடை கூறுவது?

ஒவ்வொருவர் சட்டையிலும் ஓர் அளவுகருவியைப் பொருத்தி ஆண்டு முழுவதும் பின்தொடர்வது இயலாத காரியம். ஆகவே சில இடங்களில் அளந்து, மீதியைக் கணிப்பொறியின் துணையால் கணக்கிடுகின்றனர். இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் 2013ஆம் ஆண்டில் அப்படியோர் ஆய்வை வெளியிட்டனர். தமிழகம் உள்ளிட்ட நான்கு மாநிலங்களில், விறகு போன்றவற்றை எரிக்கும் 617 கிராமப்புற வீடுகளில் 24 மணி நேரம் நுண்துகள்கள் அளக்கப்பட்டன. ஒரு கனமீட்டர் காற்றில் அடுக்களையில் சராசரியாக 609 மைக்ரோகிராம். குடும்பத்தார் புழங்கும் பகுதியில் 163. வெளிக்காற்றுக்கு நம் நாடு 2009இல் வகுத்த 24 மணி நேர வரம்போ வெறும் 60! ஆலைப் புகையைக் கண்டு அஞ்சும் நாம், தாய்மார்கள் அடுப்படியில் அந்த வரம்பைப்போல் பத்து மடங்கைச் சுவாசித்து வந்ததை எண்ணிப் பார்த்ததுண்டா?

எரிபொருள் எது, அடுக்களை எத்தகையது, காற்றோட்டம் உண்டா, சமையல் எவ்வளவு நேரம் நடக்கிறது என்ற விவரங்களைக் கொண்டு அவர்கள் ஒரு கணக்கு முறையை அமைத்தனர். 2005ஆம் ஆண்டின் தேசிய குடும்பநல ஆய்விலிருந்த வீடுகளுக்கு அதைப் பொருத்தியபோது, விறகும் வறட்டியும் எரிக்கும் இந்திய வீடுகளின் அடுக்களைச் சராசரி 450 என்று கணிப்பொறி கூறியது. எனினும் கணித்ததையும் அளந்ததையும் ஒப்பிட்டபோது, முழுப் பொருத்தத்திற்கு 1 என்று வர வேண்டிய எண் 0.56ஆகவே இருந்தது. அதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். குறையைச் சொல்லாத கணக்கைவிட இத்தகைய கணக்கையே நான் நம்புவேன்.

இதன் அடிப்படை எளிதானது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையை ஒரு பெட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே சாம்பிராணி தொடர்ந்து புகைகிறது. சன்னல்களை அடைத்திருக்கையில் அறையின் காற்று மணிக்கு ஒரு முறையே மாறுகிறது என்றும், திறந்தால் பத்து முறை மாறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். திறந்த அறையில் நிலைகொள்ளும் புகை ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான். இன்று பல வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆனால் நம் திருமண வீடுகளில் விறகடுப்பின் மீது பிரியாணி தேக்சாவை ஏற்றிவிட்டு அருகிலேயே நிற்கும் பண்டாரியை எந்தக் கணக்கிலும் காணோம்.

காற்றிலும் நீரிலும் எவ்வளவு உள்ளது என்பது பாதிக் கணக்கே. உடல் எவ்வளவு ஏற்கிறது என்பது மறுபாதி. குடிநீர் வரம்புகளை வகுக்கையில் உலக சுகாதார நிறுவனம், 60 கிலோ எடையுள்ள பெரியவர் நாளொன்றுக்கு 2 லிட்டர் நீரும், 10 கிலோ குழந்தை 1 லிட்டரும் அருந்துவதாகக் கொள்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரே குடத்து நீர்தான், ஆயினும் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குழந்தை பெறுவது மூன்று மடங்கு. சித்திரை வெயிலில் கட்டட வேலை செய்பவர் 2 லிட்டரோடு நிற்பாரா என்பது வேறு கேள்வி.

இனி மீண்டும் ஒரகடம் சாலைக்கு வருவோம். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் ஆலைகள், புகைபோக்கியின் உயரம், வாயுவின் வெப்பம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை 'ஏர்மாட்' போன்ற கணிப்பொறி நிரலில் இட்டு, எந்த ஊரில் எவ்வளவு படியும் என்று அறிக்கை அளிக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கு ஆலையின் சுவருக்கு வெளியே நிற்பவருக்கானது. 2010 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் மயக்கமும் குமட்டலும் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பூச்சிமருந்து தெளித்தது காரணமாக இருக்கலாம் என்று நிறுவனம் கூறியது. அங்கே புகைபோக்கி ஏதும் குற்றவாளியன்று. வெளிக்காற்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. உள்காற்றைத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் பார்க்கிறது. விடுதி அறை, பேருந்து, ஆலைக்கூடம் என்று மூன்று காற்றையும் ஒரே நாளில் சுவாசிக்கும் பெண்ணுக்கோ நுரையீரல் ஒன்றுதான். அம்மூன்றையும், ஒவ்வோர் இடத்திலும் அவள் கழிக்கும் மணிகளால் பெருக்கிக் கூட்டுவதே முழுமையான கணக்கு.

2006 செப்டம்பரில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்றும், சுருக்க அறிக்கை வட்டார மொழியில் இருக்க வேண்டுமென்றும் கூறுகிறது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் ஆலைகளுக்கு இக்கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்பது வருந்தத்தக்கது. கூட்டம் நடந்தால், வாசகர்களே, அவசியம் செல்லுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காற்றின் விவரம் எந்த மாதங்களில் திரட்டப்பட்டது, புகை மேலெழாமல் தரையோடு படியும் மார்கழி அதிகாலை அதில் உண்டா, நம் தெருவும் மதரஸாவும் வரைபடத்தில் எந்த வளையத்தில் வருகின்றன, கணக்கில் வரும் மனிதரின் எடை 60 கிலோவா, 10 கிலோவா என்று எழுந்து நின்று கேளுங்கள்; உங்கள் கேள்வி கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.